வடசென்னைக்குப் புதுசா? யாரிடம், எதை, எப்படிக் கேட்பது

நான் தண்டையார்பேட்டைக்குக் குடிவந்த முதல் வாரம். முனைக் கடையில் டீ குடித்துக்கொண்டே பொதுவாக ஒரு கேள்வியைப் போட்டேன்: "இங்க நல்ல ஸ்கூல் எதுண்ணே?" கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறு பள்ளிகளின் பெயர் வந்தது. ஒருவர் தன் மகள் படிக்கும் பள்ளியைச் சொன்னார். இன்னொருவர் தான் படித்த பள்ளியைச் சொன்னார்; அவருக்கு வயது அறுபது இருக்கும். மூன்றாமவர், அந்த இருவர் சொன்ன பள்ளிகளுமே வேஸ்ட் என்றார். டீ மாஸ்டர் மட்டும் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பொண்ணா பையனா? எத்தினியாவது? யார் கொண்டுபோய் விடுவாங்க?"

இந்த மூன்றுக்கும் பதிலை நானே முதலில் சொல்லியிருந்தால் அந்தக் கால் மணி நேரச் சண்டை நடந்தே இருக்காது. பெண், மூன்றாம் வகுப்பு, அவள் அம்மா நடந்தே கூட்டிப்போவார், பெரிய ரோட்டைத் தாண்டக் கூடாது. இவ்வளவையும் சொன்னதும் ஆறு பெயரில் நான்கு தானாகக் கழன்றுகொண்டன. மிச்சம் இருந்த இரண்டையும் மறுநாள் காலையே போய்ப் பார்த்துவிட்டோம்.

வெளியூரிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்காவது வீடு பிடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யோசனை சொல்ல ஆள் இல்லை என்ற பேச்சே இந்தப் பக்கம் கிடையாது. வழி கேட்டால் தெருமுனை வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் புதுசாக வந்தவர் திணறுகிறார். அதில் பாதித் திணறல் கேட்கிற விதத்தால் வருவது.

முதல் வேலை: இது எந்த ரகக் கேள்வி?

வாயைத் திறக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும், எந்த டாக்டர் நின்று பேசுவார், மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அனுபவம். இதைத் தெருவில்தான் கேட்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கும் இது தெரியாது. என்ன ஆவணம் வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை விதி. இதைத் தெருவில் விசாரிக்கலாம். ஆனால் கடைசிப் பதில் அலுவலகத்திலிருந்தோ அச்சடித்த தாளிலிருந்தோ வர வேண்டும். மூன்றாவது ரகம் உடம்பு, வழக்கு, பெரிய தொகை. இவற்றில் பதில் தப்பானால் சொன்னவர் என்ன ஆவார் என்று பாருங்கள். ஒன்றும் ஆக மாட்டார் என்றால் அவரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மருத்துவரும் வழக்கறிஞரும் தாங்கள் சொன்னதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டியவர்கள்; பக்கத்து வீட்டு மாமா அப்படி இல்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால் 'சோடா குடி', 'இது வாயுதான்' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த நேரத்தில் அன்பு வேண்டாம், 108 வேண்டும். அவசரம் இல்லாத உடல்நலச் சந்தேகத்துக்கு 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம். பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பற்றித் தெருவில் கேட்கக்கூடிய நல்ல கேள்விகளும் உண்டு: ஓ.பி. சீட்டுக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், எந்த வாசலில் ஆட்டோ நிறுத்துவார்கள், கூட வருகிறவருக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றிப் பேச்சு போனால் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வியைத் தாளில் எழுதிப் பாருங்கள்

சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இங்கேதான் பாதி வேலை முடிகிறது. பழைய நோட்டில் நாலு வரி போதும். நீங்கள் யார், என்ன வேண்டும், இதுவரை என்ன செய்தீர்கள், எங்கே நின்றுபோனது. எப்போதைக்குள் முடிய வேண்டும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடியில் குடியிருந்த தம்பதிக்கு நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். "பர்த் சர்ட்டிபிகேட் எங்க வாங்குறது?" என்று கேட்டார்கள். ஒருவர் கார்ப்பரேஷன் ஆபீஸ் என்றார். இன்னொருவர், அலையவே வேண்டாம், கார்ப்பரேஷன் இணையதளத்திலேயே காசில்லாமல் எடுக்கலாம் என்றார். மூன்றாவது ஆள் இ-சேவை மையம் என்றார். இரண்டு நாள் அலைந்தார்கள். குழந்தை பிறந்தது சென்னையில் இல்லை, தலைப்பிரசவம் என்று அம்மா வீட்டில், திண்டிவனத்தில். அதை அவர்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'திண்டிவனத்தில் பிறந்த குழந்தை' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் முதல் ஆளே சரியாகச் சொல்லியிருப்பார். ஆக, மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. சென்னையில் பிறந்த ஏதோ ஒரு குழந்தைக்குச் சரியாகச் சொன்னார்கள்.

பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன்: பிறந்த 21 நாளைக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயர் வைக்காமல் பதிவாகியிருந்தால் ஒரு வருஷம் வரை பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 'ஆபீஸில் தெரிந்த ஆள் இருந்தால்தான் பேர் ஏறும்' என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

இடத்தைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். இங்கே பழைய வண்ணாரப்பேட்டை வேறு, புது வண்ணாரப்பேட்டை வேறு. மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு இரண்டு பெயரிலும் ஸ்டேஷன் இருக்கிறது. வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்கும் புது வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்கும் நடுவில் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை என்று இரண்டு ஸ்டேஷன்கள். 'வண்ணாரப்பேட்டை வந்துட்டேன், எப்படி வரணும்?' என்று போனில் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? மணிக்கூண்டு என்றாலும் அப்படித்தான். மின்ட்டிலும் ஒன்று, டவ்டனிலும் ஒன்று. ராயபுரத்துக்கும் ராயப்பேட்டைக்கும் குழம்பி ஊரைக் குறுக்கே கடந்து போன என் சித்தப்பா கதையை இங்கே எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

கேட்கும் முன் கொஞ்சம் நின்று கேளுங்கள்

ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள். ரேஷன் கடை வரிசை, குழாயடி, பள்ளிக்கூட வாசல் இவை மூன்றையும் நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் கேட்க நினைத்ததை உங்களுக்கு முன்னால் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார். கார்டில் முகவரி மாற்ற என்ன கொடுத்தார்கள், எத்தனை நாள் ஆனது, எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் காதில் விழும். அதைவிட முக்கியம், யார் பேச்சு நிதானமாக இருக்கிறது, யார் எல்லாவற்றுக்கும் 'நான் பாத்துக்கறேன்' என்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

காசிமேட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாருங்கள். மீன் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. புதுசாக வந்தவர் கூடைக்கு முன்னால் நின்று "மீன் நல்லாருக்காம்மா?" என்று கேட்பார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? பழகினவர் அப்படிக் கேட்க மாட்டார். "செவுளைத் தூக்கிக் காட்டுக்கா" என்பார். சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா, அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார். அப்புறம், "அஞ்சு பேருக்குக் குழம்பு, சின்னப் புள்ள இருக்கு, முள்ளு கம்மியா இருக்கணும்" என்பார். உடனே பேச்சே மாறிவிடும். வஞ்சிரம் வாங்க வந்தவரிடம் 'குழம்புக்கு அது எதுக்கு' என்று விலை குறைந்த வேறொன்றை எடுத்துக் கொடுத்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். 'நல்லதா' என்று கேட்டால் ஆமாம் இல்லை என்று ஒரு சொல்தான் வரும். 'காட்டுங்கள்', 'எனக்கு இது தேவை' என்று கேட்டால் விஷயம் வரும். வீடு, வண்டி, டியூஷன், பழைய ஃபிரிட்ஜ் எதற்கும் இது பொருந்தும்.

யாரிடம்?

வயசானவரைவிட, படித்தவரைவிட, அதே வேலையைப் போன மாதம் முடித்தவர் மேல். விதிகள் மாறுகின்றன, விண்ணப்பப் பாரங்கள் மாறுகின்றன, கவுண்டரே இடம் மாறுகிறது. பத்து வருஷத்துக்கு முன் வாங்கினவர் ஞாபகத்தில் இருப்பது பத்து வருஷத்துக்கு முந்தைய அலுவலகம். அதனால் "இதை எப்படிச் செய்யணும்?" என்று தொடங்காமல், "சமீபத்துல இதை யாராவது செஞ்சாங்களாக்கா?" என்று தொடங்குங்கள். பதில் சொல்பவர் தானே ஓர் ஆளைக் கை காட்டுவார்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, இந்த யோசனையால் அவருக்கு என்ன லாபம் என்பது. வீட்டு புரோக்கர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவின் வாடகை நிலவரம் அவரைப் போல யாருக்கும் தெரியாது. ஆனால் 'இந்த வீடு சாயங்காலம் போயிடும்' என்பதைக் கேட்டு அட்வான்ஸ் எடுத்து நீட்டாதீர்கள். அதே தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் அந்த வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேளுங்கள். அவருக்கு இதில் கமிஷன் கிடையாது.

எப்போது கேட்பது என்பதும் உண்டு. காலை எட்டு மணிக்கு இட்லிக் கடைக்காரரிடம் கதை கேட்கப் போகக் கூடாது. பதினோரு மணிக்குப் போனால் அவரே ஸ்டூலை இழுத்துப் போடுவார். அழைப்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். அண்ணே, அக்கா, அம்மா போதும். கவுண்டரில் சார், மேடம். கடைக்கார முஸ்லிம் பெரியவரைப் பாய் என்பார்கள், அதில் மரியாதை குறைவு இல்லை. ஒன்றே ஒன்று: சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட மெட்ராஸ் பாஷையை இங்கே பேசிக் காட்ட வேண்டாம். உங்கள் ஊர்த் தமிழிலேயே கேளுங்கள். 'எந்த ஊருப்பா நீ?' என்று அவர்கள் கேட்பதிலிருந்தே பாதிப் பழக்கம் தொடங்கிவிடும்.

கேட்டதைச் சரிபார்ப்பது

என் கணக்கு இரண்டு ஆள், ஒரு தாள். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேரிடம் கேளுங்கள். விதி சம்பந்தப்பட்டது என்றால் எழுத்தில் ஒன்றைப் பாருங்கள். ஒரே டீக்கடையில் நாலு பேர் ஒத்துக்கொண்டால் அது நாலு சாட்சி ஆகாது.

வீட்டு அட்வான்ஸ் இதற்குச் சரியான உதாரணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது எல்லாரும் 'மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாது, சட்டம் வந்துடுச்சு' என்கிறார்கள். சட்டம் வந்தது உண்மை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, வேறு விதமாக உடன்பாடு செய்துகொண்டால் தவிர என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவது கஷ்டம். தெருவில் பரவுவது சட்டத்தின் பின்பாதி. முன்பாதி யார் வாயிலும் இல்லை. இதே சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன் பேரம் பேசுங்கள், பேசியதை எழுதி வாங்குங்கள்.

எழுத்தில் பதில் கிடைக்கவே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும். இங்கேயும் கேள்வி எழுதும் விதம்தான் வேலை செய்கிறது. 'ஏன் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை?' என்று கேட்டால் நழுவிவிடலாம். 'இந்தத் தெருவுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்த விளக்குப் புகார்கள் எத்தனை, அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்' என்று கேட்டால் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

போனில் எழுதி வைத்துக்கொள்ள

நீண்ட விளக்கம் வேண்டாம். குப்பை, தெருவிளக்கு, சாலைக்கு மாநகராட்சியின் 1913. மின்சாரத்துக்கு 94987 94987. குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டருக்கு 044 4567 4567. ரேஷனுக்கு 1967. வாங்கிய பொருளில் தகராறு என்றால் 1915. எங்கே போவது என்றே தெரியாத அரசுக் குறைக்கு முதல்வர் உதவி எண் 1100. நேரில் மனு கொடுக்க வேண்டுமானால் திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள் நடக்கும். அந்தக் கட்டடத்துக்குப் பெயர் சிங்காரவேலர் மாளிகை, 1923-ல் இதே ஊரில் மே தினம் கொண்டாடிய அவர்தான்.

சட்ட உதவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் பலருக்கு அது தங்களுக்கும் உண்டு என்பதே தெரியவில்லை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, வடக்குக் கோட்டைச் சாலையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் வருஷச் சட்டத்தில் இருக்கிறது. 'வக்கீல் வைக்கக் காசு இல்லை, போகட்டும் விடு' என்று யாராவது சொன்னால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கப் போகும்போது கொடுக்கக் கூடாதவை

இது என் தலையில் விழுந்தது. வந்த புதிதில் ஓர் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவரிடம் சந்தேகம் கேட்கப் போனேன். பொறுமையாகச் சொன்னார், பாரமும் நிரப்பினார். "ஒரிஜினல வெச்சிட்டுப் போங்க சார், நான் முடிச்சிக் கூப்டுறேன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் மேசை இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லையாம். மூன்று வாரம் கழித்துத்தான் ஆளைப் பிடித்தேன். ஆவணம் பத்திரமாக இருந்தது, என் தூக்கம்தான் போயிருந்தது. ஜெராக்ஸ் கொடுங்கள், அதன் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று பேனாவால் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம். ஓ.டி.பி. யாருக்கும் இல்லை, உதவி செய்கிறவருக்கும் இல்லை. காசு போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

குடும்பக் கதையையும் அளந்து சொல்லுங்கள். வாடகை வீடு கேட்கப் போனவர் சம்பளம் எவ்வளவு, மனைவி வேலைக்குப் போகிறாரா, ஊரில் நிலம் இருக்கிறதா என்பது வரை கொட்டிவிட்டு வருவார். கேள்விக்குத் தேவையானது மட்டும் போதும்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி

காரியம் முடிந்ததும் யோசனை சொன்னவரிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. சொன்னது சரியாக நடந்ததா, எங்கே மாறியிருந்தது என்று தெரிந்தால்தான் அவர் அடுத்து வருபவருக்குச் சரியாகச் சொல்ல முடியும். தப்பாகப் போயிருந்தாலும் சொல்லலாம், குத்திக் காட்டாமல்: "அந்தக் கவுண்டர் இப்ப மேல மாடிக்கு மாத்திட்டாங்கண்ணே." போதும்.

மகளைப் பள்ளியில் சேர்த்த மறுநாள் டீ மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். டீயை ஆற்றிக் கையில் கொடுக்கும்போது, "நோட்டெல்லாம் ஸ்கூல் எதிர்க்க வாங்காத சார். பாரிஸ் கார்னர் போனா ஆண்டர்சன் தெருவுல மொத்த விலைக்குக் கிடைக்கும். பக்கத்து வூட்டுக்காரங்களையும் சேத்துக்கினு டஜனா வாங்கு" என்றார். நான் கேட்கவே இல்லை.